பசாசின் முகத்துப் புள்ளிகள்

ஆகஸ்ட் 19, செவ்வாய்

சேசு மரி சூசை.

மிக்கேல் சம்மனசின் திருநாளுக்கு முன்னால் சாமியாரிடம் குற்றங்களைச் சொல்லி நல்ல பாவசங்கீர்த்தனம் செய்ய விரும்புகிறவர்கள் தினமும் ஒரு நோட்டில் தங்கள் குற்றத்தை எழுதி வர வேண்டும் என்று போன மாதத் தியானத்தில் பங்குச்சாமி சொன்னார். "அடுத்தவங்க குத்தத்த இல்ல, ஒங்க குத்தத்த" என்று சொல்லும்போது என்னைத்தான் பார்த்தார். முன் பெஞ்சில் இருக்கிறவள் நான், வேறு யாரைப் பார்ப்பார்?

இன்று தொடங்கிவிட்டேன். இன்றைய குற்றம் எதுவும் இல்லை. கால் கட்டோடு கிடக்கிறவள் என்ன குற்றம் செய்துவிட முடியும்?

கோயில் படியில் வழுக்கிக் கணுக்கால் முறிந்து பத்து நாளாகிறது. ஊரில் தனியாக எப்படி இருப்பீர்கள் என்று என் தம்பி மகள் பெனிட்டா தூத்துக்குடிக்குத் தன் வீட்டுக்கே கூட்டி வந்துவிட்டாள். தங்கமான பிள்ளை. வீட்டின் முன்பக்கம் அவள் கடை. அவள் கம்ப்யூட்டரில் படம் போட்டுக் கொடுத்தால், பின்னால் ஷெட்டில் அவள் புருஷன் ராயன் மிஷினில் அதை இரும்புத் தகட்டில் வெட்டி எடுப்பான். கேட், ஜன்னல், பேர்ப்பலகை எல்லாம்.

நான் கடையில் காலை நீட்டி உட்கார்ந்து வருகிறவர்களோடு நாலு வார்த்தை பேசுவேன். இன்று கேட் டிசைன் பார்க்க வந்த ஒருவரிடம், மகளுக்கு ஏன் இன்னும் கல்யாணம் முடியவில்லை என்று விசாரித்துக்கொண்டிருந்தேன். திடீரென்று அவசர வேலை வந்து போய்விட்டார். இந்த வாரத்தில் இப்படி மூன்று பேர். தூத்துக்குடியில் எல்லாருக்கும் அவசர வேலை.

ஆகஸ்ட் 21, வியாழன்

குகை மாதிரிக் கட்டியிருக்கும் நம் ஊர்க் கெபிக்குப் புதுக் கேட் செய்யும் வேலை பெனிட்டாவுக்கு வந்திருக்கிறது. ஆண்டவருக்கு நன்றி. கேட்டின் நடுவில் மிக்கேல் சம்மனசு இறக்கை விரித்து ஈட்டியோடு நிற்க வேண்டும், காலடியில் பசாசு கிடக்க வேண்டும். சாமியார் ஒரு பழைய படத்தைக் கொடுத்தனுப்பியிருக்கிறார்.

"இது எனக்கு மொதக் கோயில் வேல, பெரியத்த. நல்லா வந்துட்டுன்னா மத்த சாமிமாரும் கூப்பிடுவாங்க. சொதப்புனா ஒருத்தரும் எட்டிப் பாக்க மாட்டாங்க" என்றாள்.

பிறகு என் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டாள். "ஒங்களுக்கு ஒரு வேல தரட்டா? ரொம்பக் கவனம் வேணும். பேசிக்கிட்டே செய்ய முடியாது."

பின்னால் ராயனுக்கு இருமல் வந்தது. இரும்புத் தூசி.

எட்டாம் வகுப்பு படித்தவளை நம்பிக் கம்ப்யூட்டரைத் தருகிறாளே என்று எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. வேலை இதுதான். படத்தை உள்ளே விட்டால் கம்ப்யூட்டரே அதைக் கோடாக மாற்றிவிடுகிறது. ஆனால் அதற்குத் தன்மேல் நம்பிக்கை கிடையாது. ஒரு வளைவுக்கு நாலு புள்ளி போதும் என்றால் நாற்பது வைக்கிறது. மிஷின் ஒவ்வொரு புள்ளியிலும் தயங்கித் தயங்கி வெட்டுமாம், விளிம்பு ரம்பம் மாதிரி ஆகிவிடுமாம். தேவையில்லாத புள்ளியைத் தொட்டு அழிக்க வேண்டும். மிச்சமிருக்கும் புள்ளிக்கு ரெண்டு பக்கமும் மீசை மாதிரி ரெண்டு கோடு நீட்டிக்கொண்டிருக்கும். மீசையைப் பிடித்து இழுத்தால் வளைவு அந்தப் பக்கம் சாயும்.

"அவ்வளவுதானா?" என்றேன்.

"அவ்வளவுதான். ஆனா ரெண்டாயிரம் புள்ளி இருக்கு" என்றாள்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

மூன்று மணிக்குள் கை வலித்துவிட்டது. பிறகு ஒரு வழி கண்டுபிடித்தேன். இடது கையில் ஜெபமாலை, வலது கையில் மவுஸ். ஓர் அருள் நிறை மரியேவுக்கு ஒரு புள்ளி. ஜெபமாலையின் ஐம்பத்து மூன்று மணியும் முடியும்போது ஐம்பத்து மூன்று புள்ளி காலி, சம்மனசின் இடது இறக்கையில் மூன்று இறகு வழவழவென்று வந்துவிட்டது.

கடையில் இன்று யாருக்கும் அவசர வேலை வரவில்லை. நாலு பேர் ஆர்டர் கொடுத்தார்கள். நான் வேலையில் உட்கார்ந்த ராசி என்றேன். "ஆமா பெரியத்த, அதேதான்" என்று ராயன் உடனே ஒத்துக்கொண்டான். மருமகன் என்றால் இப்படி இருக்க வேண்டும்.

ஆகஸ்ட் 25, திங்கள்

தப்பாக அழித்துவிட்டால் ரெண்டு பட்டனைச் சேர்த்து அமுக்கினால் போதும், அழித்தது அப்படியே திரும்பி வந்துவிடுகிறது. எத்தனை தரம் அமுக்குகிறோமோ அத்தனை தப்பும் இல்லாமல் போகிறது. முழங்கால் போட வேண்டாம், அழ வேண்டாம், சாமியாரிடம் சொல்ல வேண்டாம். இது பிள்ளைகளைக் கெடுத்துவிடும்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

இன்று வேளாங்கண்ணியில் கொடியேற்றம். வருஷா வருஷம் நடந்து போவேன், இந்த வருஷம் கால் இப்படி. மாதாவே, கணக்கில் எழுதிக்கொள்ளும்.

ரெண்டு இறக்கையும் முடிந்தது. சம்மனசின் முகத்தை பெனிட்டாவே செய்துகொள்கிறாள். பசாசை எனக்குத் தந்திருக்கிறாள். பழைய படத்தில் ஈரம் ஏறி அதன் முகம் கலங்கிக் கிடக்கிறது. "சுமாரா ஒரு மூஞ்சி வந்தாப் போதும், பெரியத்த. கீழ கெடக்கது தானே."

இன்னொன்றும் சொல்லிக் கொடுத்தாள். பசாசு வாயைப் பிளந்திருக்கிறது. வாய் ஓட்டை. அந்த ஓட்டைக்குள் நாக்கு ஒரு தனித் துண்டு. கம்ப்யூட்டரில் அது அந்தரத்தில் நிற்கும், தகட்டில் நிற்குமா? அதனால் ரெண்டு ஓரத்திலும் உதட்டோடு சேர்த்து ஒரு சின்னத் தொடுப்பு வைத்திருக்கிறாள். "இத மட்டும் தொட்றாதீங்க. தொடுப்பு இல்லாத துண்டு வெட்டுன ஒடனே கீழ விழுந்துரும்."

சரி என்றேன்.

செப்டம்பர் 1, திங்கள்

ஊரிலிருந்து சாமியார் போன் செய்தார். கேட்டை மந்திரித்துத் திறப்பது 28ஆம் தேதி சாயங்காலமாம். பேச்சோடு பேச்சாக, "தெக்லாம்மா, ஒங்க தங்கச்சி பிரகாசியம்மா கெபிக்குத் தெனமும் பூ வைக்காங்க" என்றார். எனக்கு ஏன் சொல்கிறார்?

பிரகாசியைப் பற்றி நான் எழுதக் கூடாது, அது அடுத்தவர் குற்றம். இருந்தாலும் விஷயம் தெரிய வேண்டும் அல்லவா. அம்மா கடைசிக் காலத்தில் அவள் வீட்டில்தான் இருந்தாள். ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு காலையில் அம்மா அவஸ்தைப் பூசுதல் கிடைக்காமலே போய்ச் சேர்ந்தாள். தொண்ணூறு வருஷம் ஒரு ஞாயிறு பூசை தவறாத மனுஷிக்குக் கடைசி எண்ணெய் இல்லை. பக்கத்தில் இருந்தவள்தானே நேரத்தோடு சொல்லியிருக்க வேண்டும்? பெட்டிக்குப் பக்கத்தில் நின்று, ஊரே கேட்க, நான் அதைக் கேட்டேன். அவள் ஒரு பதில் சொல்லவில்லை. உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு என்னைப் பார்த்தாள். அன்றிலிருந்து எங்களுக்குள் பேச்சில்லை.

குற்றமில்லாதவள் என்றால் வாயைத் திறந்திருப்பாளே. அதுதான் நான் கேட்பது.

செப்டம்பர் 3, புதன்

பசாசின் தாடையில் ஒரு புள்ளியைக் கொஞ்சம் இறக்கினேன். அவ்வளவுதான்.

செப்டம்பர் 5, வெள்ளி

பசாசு வாயைப் பிளந்துகொண்டிருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. தோற்றுப் போனவன் வாயை மூடிக்கொண்டல்லவா கிடப்பான்? நாக்குத் துண்டின் புள்ளிகளை ஒவ்வொன்றாக நகர்த்தினேன். மீசையை இழுக்க இழுக்க அது ஓட்டையை அடைத்துக்கொண்டு இறுக்கி மூடிய ரெண்டு உதடாக வந்துவிட்டது. எனக்கே ஆச்சரியம். ஆனால் ஓரத்தில் இருந்த ரெண்டு தொடுப்பால் பசாசு சிரிக்கிற மாதிரி இருந்தது. மிக்கேல் சம்மனசின் காலடியில் பசாசு சிரிக்கலாமா? அதையும் எடுத்தேன். இப்போது பார்க்க உள்ளது உள்ளபடி இருக்கிறது.

மூக்குக்கு இடது பக்கம் கம்ப்யூட்டரே ஒரு சின்ன ஓட்டை வைத்திருந்தது, படத்தில் இருந்த பூச்சி அரிப்பாக இருக்கும். அதை நான் அழிக்கவில்லை. கொஞ்சம் மேலே மட்டும் தள்ளி வைத்தேன்.

ராயன் டீ கொண்டுவந்தவன் திரையைப் பார்த்து அப்படியே நின்றான். "பெரியத்த, இது நம்ம பிரகாசி சின்னத்த மாதிரி இல்ல? அந்த மச்சம் கூட..."

"பசாசுக்கு எல்லார் ஜாடையும்தான் இருக்கும். ஒங்க ஜாடை கூட இருக்கு, வேணும்னா காட்டட்டா?" என்றேன். டீயை வைத்துவிட்டுப் போய்விட்டான்.

ஜாடை என்றால் எனக்கும் அவளுக்கும்தான் ஒரே ஜாடை என்பார்கள். சின்ன வயதில் அவள் மூக்கோரத்து மச்சத்தை வைத்துத்தான் எங்களை அடையாளம் கண்டுபிடிப்பார்கள். நான் புள்ளிதான் அழித்தேன். என் மனசாட்சி சுத்தம்.

குற்றம்: மூன்றாவது தடவையாக மத்தியான ஜெபத்தின்போது கண் அசந்தது.

செப்டம்பர் 8, திங்கள்

மாதா பிறந்தநாள். ஊரிலிருந்து ஒரு பார்சல் வந்தது. நெத்திலிக் கருவாடு, பூண்டு ஊறுகாய், முறிந்த எலும்புக்குக் கட்டுகிற பச்சிலைத் தைலம். சீட்டு இல்லை, பேர் இல்லை. ஆனால் மூடியைத் துணி வைத்து ரெண்டு முடிச்சுப் போட்டுக் கட்டியிருந்தது. அம்மா கட்டுகிற மாதிரி. ஊரில் இப்போது அப்படிக் கட்டுகிறவள் ஒருத்திதான்.

ஊறுகாயில் உப்பு அதிகம். ரெண்டு தடவை போட்டுப் பார்த்தேன், ரெண்டு தடவையும் அதிகம்.

செப்டம்பர் 10, புதன்

பசாசின் முகத்தைக் கொஞ்சம் பொதுவாக மாற்றிவிடலாம் என்று தோன்றியது. யாரும் தப்பாக நினைத்துவிடக் கூடாது, வேறொன்றுமில்லை. ஊர் முழுக்கப் பார்க்கிற இடம். அவள் தினமும் பூ வைக்கிற இடம். கம்ப்யூட்டரில் படம் மூடாமலே கிடந்தது, முன்னால் உட்கார்ந்து அந்த ரெண்டு பட்டனையும் அமுக்க ஆரம்பித்தேன். மச்சம் போயிற்று. உதடு திரும்ப நாக்கானது. தாடை ஏறியது.

"என்ன பெரியத்த பண்ணுறீங்க?" என்று பெனிட்டா ஓடி வந்தாள்.

"கொஞ்சம் திருத்துறேன், பிள்ள."

"நேத்தே வெட்டியாச்சே! பெயின்ட் அடிச்சுத் துணி சுத்தி இன்னைக்குக் காலைல வண்டில ஏத்தி ஊருக்கு அனுப்பியாச்சு. நீங்க குளிச்சுக்கிட்டு இருந்தீங்க."

தகட்டுக்கு அந்தப் பட்டன் கிடையாது.

செப்டம்பர் 14, ஞாயிறு

பெனிட்டா பொழுதுக்கும் கேட்டைப் பற்றியே பேசுகிறாள். அடியில் மூலையில் சின்னதாக அவள் கடைப் பேரையும் வெட்டச் சொன்னாராம் சாமியார்.

ஒரு விஷயம் ஞாபகம் வந்தது, எழுதி வைக்கிறேன். குற்றம் என்று எழுதவில்லை, நடந்தது என்று எழுதுகிறேன். அன்று காலை பிரகாசி எனக்குப் போன் செய்தது உண்மைதான். ஆறு பத்துக்கு. "யக்கா, அம்மாக்கு மூச்சு வாங்குது, சாமியாரக் கையோட கூட்டிட்டு வா" என்றாள். என் வீடு சாமியார் பங்களாவுக்கு நாலாவது வீடு. செருப்புக்கூடப் போடாமல் கிளம்பினேன். குழாயடியில் மதலேனாள் நின்றாள். என்னக்கா இப்பிடி ஓடுறிய என்று கேட்டாள். கேட்டவளுக்குப் பதில் சொல்லாமல் போவது மரியாதையா? ரெண்டே வார்த்தைதான் சொன்னேன்.

பேசத் தொடங்கும்போது அவள் குடம் காலி. முடிக்கும்போது மூன்று குடமும் நிறைந்திருந்தது.

பங்களாவுக்குப் போனேன். சாமியார் பக்கத்து ஊர்ப் பூசைக்குப் பைக்கில் இப்போதுதான் கிளம்பினார் என்று சமையற்காரம்மா சொன்னாள்.

இதை இன்றுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை. யாரும் கேட்கவுமில்லை.

செப்டம்பர் 22, திங்கள்

கட்டுப் பிரித்தார்கள். கம்பு ஊன்றி நடக்கலாம். 28க்கு ஊருக்குப் போகாமல் இருந்துவிடலாமா என்று கேட்டேன். "ஒங்க கை பட்ட வேல, நீங்க வராமயா?" என்கிறாள் பெனிட்டா.

செப்டம்பர் 28, ஞாயிறு

ஊரில் என் வீட்டிலிருந்து எழுதுகிறேன்.

பூசை முடிந்து பாட்டுக்காரர்கள் முன்னால் போக எல்லாரும் கெபிக்குப் போனோம். கேட்டை வெள்ளைத் துணி போட்டு மூடியிருந்தது. அந்தப் பக்கம் கூட்டத்தில் பிரகாசி பூக்கூடையோடு நின்றாள். ஆறு வருஷத்தில் தலை நன்றாக நரைத்துவிட்டது. நான் கம்பை ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மிக்கேல் சம்மனசை வேண்டினேன். சம்மனசே, அவள் கண்ணை மட்டும் மறைத்துவிடும் என்றேன்.

சாமியார் தீர்த்தம் தெளித்துத் துணியை இழுத்தார்.

சம்மனசு அவ்வளவு அழகு. இறகு ஒவ்வொன்றும் வழுக்கிக்கொண்டு போகிறது. கூட்டம் "ஆ" என்றது. பிறகு கண்கள் கீழே இறங்கின. மதலேனாள்தான் ஆரம்பித்தாள்:

"ஏலே, இது நம்ம தெக்லாக்கால்லா!"

பார்த்தேன். பசாசின் முகத்தில் மச்சம் இல்லை. இறுக்கி மூடிய உதடும் இல்லை. வாய் இருந்த இடத்தில் பெரிய ஓட்டை. என் மூக்கு, என் தாடை, நடுவில் ஆவென்று பிளந்த வாய். குழாயடியில் நான் பேசும்போது யாராவது போட்டோ எடுத்தால் அப்படித்தான் இருக்கும்.

சிரிப்பு அடங்கவே இல்லை. எனக்குப் பின்னால் ராயன் பெனிட்டாவிடம் பதறிக்கொண்டிருந்தான்: "அந்த வாய்த் துண்டுக்குத் தொடுப்பே இல்ல, வெட்டுன ஒடனே விழுந்துட்டு. பசாசு தானேன்னு விட்டேன். மூக்குப் பக்கம் இருந்த ஓட்ட ரொம்பச் சின்னது, அந்தத் தகட்டுல வெட்ட வராது, தொட்டதும் நிப்பாட்டிட்டேன்."

கோயில் நிர்வாகி சிலுவைமுத்து முன்னால் வந்தார். "இது என்ன பிள்ள வெளையாட்டு? சொந்த அத்தையப் பசாசாக்கிக் கோயில்ல மாட்டுவியா? கழத்துங்கலே இத!"

சாமியார் முகமும் சிவந்துவிட்டது. பெனிட்டா என்னையும் கேட்டையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் கடைப் பேர் கேட்டின் மூலையில் பளபளவென்று இருந்தது.

அப்போது நான் பேசினேன். வாழ்நாளில் நான் யோசித்துப் பேசிய ஒரே பேச்சு இதுதான்.

"அவ மேல தப்பில்ல, சாமி. அந்த மூஞ்சிய நான்தான் செஞ்சேன். வேணும்னேதான் செஞ்சேன்."

இதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. ஆனால் கூட்டம் கேட்டது வேறு. சிரிப்பு நின்றுவிட்டது. சிலுவைமுத்து தலைத்துண்டை எடுத்துவிட்டார். சாமியார் என் கையைப் பிடித்துக்கொண்டார். "தன்னைத்தானே சம்மனசின் காலடியில வச்ச தாழ்மைய நான் எங்கயும் பாத்ததில்லம்மா" என்றார். மதலேனாள் அழுதாள். கேட் கழற்றப்படவில்லை. பெனிட்டா என்னைக் கட்டிக்கொண்டாள். நான் வாயைத் திறந்து இல்லை என்று சொல்லியிருக்கலாம். திறக்கவில்லை.

கூட்டம் கலைந்த பிறகு பிரகாசி பூ வைக்க வந்தாள். பசாசின் முன் குனிந்து வெகுநேரம் பார்த்தாள். மூக்குக்கு இடது பக்கம் மிஷின் தொட்டு நிறுத்திய இடத்தில் ஒரு சின்னக் குழி, பெயின்டுக்கு உள்ளேயும் தெரிந்தது. அதை விரலால் தடவினாள். பிறகு அதே விரலால் தன் மூக்கோரத்து மச்சத்தைத் தொட்டாள்.

"மச்சத்த மட்டும் நீ மறக்கல" என்றாள். ஆறு வருஷத்தில் முதல் பேச்சு. பூவை வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

செப்டம்பர் 29, திங்கள்

மிக்கேல் சம்மனசு திருநாள். பிரசங்கம் முழுக்க என்னைப் பற்றித்தான். தாழ்மை, தாழ்மை என்று பதினேழு தடவை. நான் முன் பெஞ்சில் இல்லை, தூணுக்குப் பின்னால் இருந்தேன். அதையும் தாழ்மை என்றார்.

பூசை முடிந்ததும் கம்பை ஊன்றிக்கொண்டு பிரகாசி வீட்டுக்கு நடந்தேன். குழாயடியில் மதலேனாள், "எங்கக்கா கெளம்பிட்டிய, கால் வலிக்கலையா?" என்றாள். நான் நிற்கவில்லை.

பிரகாசி அடுப்படியில் இருந்தாள். உட்காரச் சொல்லவில்லை, நானும் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னேன். போன், குழாயடி, மூன்று குடம், சமையற்காரம்மா, எல்லாம். சொல்லி முடிக்க ரெண்டு நிமிடம்தான் ஆனது.

அவள் சோற்றை வடித்துக்கொண்டே, "தெரியும்" என்றாள்.

"எப்பிடிட்டி?"

"ஆறேமுக்காலுக்குச் சாமியார் பைக்கு இந்தத் தெரு வழியாத்தான போச்சு. நீ சொல்லி வாறாருன்னு வாசக்கதவத் தொறந்து வச்சுக்கிட்டு நின்னேன். மெழுகுவத்தி கூடக் கொளுத்தியாச்சு. என்னப் பாத்துக் கையக் காட்டிட்டு நிக்காமப் போயிட்டாரு. அப்பவே தெரியும், நீ இன்னும் சொல்லலன்னு."

"கூப்பிட்டிருக்கலாமேட்டி!"

"கூப்பிட்டேன். பைக்குச் சத்தம்."

"அன்னைக்கு ஊர் முன்னால நான் கேட்டப்போ இத ஏன் சொல்லல?"

அவள் வடிகலத்தை நிமிர்த்தி வைத்தாள். "பெட்டி பக்கத்துல வச்சா? அம்மா கேக்கும்படியா? நீயே வந்து சொல்லுவன்னு இருந்தேன்."

"ஆறு வருஷமாவா?"

"நீ எந்த விஷயத்தத்தான் சொல்லாம இருந்திருக்க? அதான், இன்னைக்கு வரும் நாளைக்கு வரும்னு இருந்தேன்."

அப்படியே நின்றேன். அவள் தட்டில் சோறு போட்டு, கருவாட்டுக் குழம்பை ஊற்றி, பலகையை என் பக்கம் தள்ளினாள். பிறகு நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள். நேற்று கேட்டைப் பார்த்த அதே பார்வை.

"வாய மூடு, யக்கா. ஈ போவுது."

மூடினேன்.